ஜனவரியில் இறக்காத நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால், வடக்கே காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர் கிரான்லிடனில் வீட்டுக்கு வீடு சமையலறை ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே ஒரு சின்ன பல்பு. ஜனவரி பதின்மூன்றாம் தேதி கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வெளியே போடும்போதே அதையும் இறக்கிப் பரணில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வீட்டில் எரிகிறது என்றால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி, இல்லையென்றால் புத்தி பிசகியவள். கெர்டா இரண்டும் இல்லை. ஆனாலும் அவள் வீட்டு ஜன்னலில் அது பத்து வருஷம் அணையாமல் எரிந்தது. ராத்திரியே வராத ஜூன் மாதத்தில்கூட, பட்டப்பகல் வெளிச்சத்தில், யாருக்கும் பிரயோஜனமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கெர்டாவின் மூத்த மகன் ஹோக்கன் ஒரு ஜனவரி பதின்மூன்றில்தான் வீட்டை விட்டுப் போனான். காட்டில் மரம் வெட்டும் வேலைக்கு வரமாட்டேன், நார்வே பக்கம் மீன்பிடிப் படகுக்குப் போகிறேன் என்று அவன் சொல்ல, போனால் திரும்பி இந்தப் படி ஏறாதே என்று அப்பன் வால்தெர் சொல்லிவிட்டார். இருவருக்கும் ஒரே வீம்பு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹோக்கன் கிளம்பியபோது கெர்டா முக்காலி மேல் ஏறி நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"இருக்கட்டும் விடும்மா. இந்த இருட்டுல அப்புறம் வீட்ட எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

கெர்டா முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். நட்சத்திரம் அப்படியே நின்றது. பையனிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை. நாலு வருஷம் கழித்து வால்தெர் மாரடைப்பில் போனார், அப்போதும் வரவில்லை. பனி தள்ளும் டிராக்டர் ஓட்டுகிற பக்கத்து வீட்டு ரூனே அந்த வளைவில் திரும்பும்போது ஏப்ரலில்கூட அந்த வெளிச்சத்தைப் பார்ப்பார், பார்க்காத மாதிரிப் போய்விடுவார். கடைக்காரி குல்லன் அந்தச் சின்ன பல்புகளைச் சீசன் முடிந்தபிறகும் கல்லாவுக்கு அடியில் ஒரு பெட்டியில் வைத்திருப்பாள். கெர்டா வந்து நின்றால் எடுத்துக் கொடுப்பாள், அன்றைய குளிரைப் பற்றிப் பேசுவாள். கண்டும் காணாமல் இருப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. வெளியாட்களுக்கு அது கல்மனசு மாதிரித் தெரியும்.

அண்ணன் போனபோது கெர்டாவின் மகள் மரீத்தாவுக்குப் பதினாறு வயது. குரல் இருந்தது, கை வேகமும் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு மெட்டுப் போட்டுவிடுவாள். கோடைக்காலப் பூங்காக்களில் நடன இசைக்குழுவோடு பாடினாள். வேனில் கிடார்களுக்கு நடுவே தூங்கினாள். பிறகு ஸ்டாக்ஹோம் போய் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் கைவிட்டுப் போன பையன்களைப் பற்றியும் பாட்டு எழுதினாள். அந்தப் பாட்டுகளைக் கேட்க நாதி இல்லை. மழையும் பையன்களும் எல்லாப் பாட்டிலும்தான் இருக்கிறார்களே.

ஒரு பிப்ரவரி மாலை எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜன்னலிலும் நட்சத்திரம் இல்லை. அந்த நேரத்தில் கிரான்லிடனில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் அது எரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் பேனாவை எடுத்தாள். முன்னால் இருந்த காபி ஆறுவதற்குள் பாட்டு முழுதாக வந்துவிட்டது. தானே பாடிப் பார்த்துத் தானே அழுதாள். அழுகையோடு கூடவே இன்னொன்றும் தெரிந்தது: இதுதான் தன்னைத் தூக்கி நிறுத்தப் போகிற பாட்டு.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்று தோன்றவும் செய்தது. ஆனால் பாட்டில் யார் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை. ஸ்டாக்ஹோமில் யாருக்கும் கிரான்லிடனைத் தெரியாது, அதனால் கிரான்லிடனுக்கும் ஒன்றும் தெரியவராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அந்தச் சமாதானத்துக்கு அடியில் இருந்தது.

அடுத்த வருஷம் அந்தப் பாட்டு தொலைக்காட்சிப் போட்டிக்குத் தேர்வானது. நம்ம ஊர்ப் பெண் பாடுகிறாள் என்று கிரான்லிடனே ஊர் மன்றத்தில் கூடிவிட்டது. ரூனே தன் வீட்டுப் பெரிய டிவியைத் தூக்கிவந்து வைத்தார். குல்லன் இறாலும் முட்டையும் அடுக்கி சாண்ட்விச் கேக் செய்துவந்தாள். கெர்டாவை நீலக் கம்பளிச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு நடந்ததை ரூனே பல வருஷம் கழித்துத்தான் மரீத்தாவிடம் சொன்னார். முதல் வரி வந்தது. மார்ச் மாதத்திலும் ஜன்னலில் எரிகிற நட்சத்திரம், அதன் பின்னால் நிற்கிற அம்மா. மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்கள். கெர்டா எழுந்து பின்னால் இருந்த சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, யாரும் இன்னும் தொடாத கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மரீத்தாவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை அம்மாவுக்குப் போன் செய்து எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"கவுன் அழகா இருந்துது. கையில்லாத கவுனு. குளிரலையா?" என்றாள் கெர்டா.

அவ்வளவுதான். மகள் கொண்டாடும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்ல இவளுக்கு மனசு வராதா என்று மரீத்தா ஆத்திரப்பட்டாள். அம்மாவின் பேச்சில் வேறு ஏதாவது இருந்ததா என்று காது கொடுத்துக் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அந்தப் பாட்டுதான். பள்ளி முடித்த பிள்ளைகள் லாரி மேல் நின்று அதைக் கத்திக்கொண்டு போனார்கள், கல்யாணங்களில் பாடினார்கள். ஒரு வாரப்பத்திரிகை எப்படியோ மோப்பம் பிடித்து வந்து கெர்டாவின் ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டது. அப்புறம் கார்கள் வர ஆரம்பித்தன. வேலியோரம் நின்று கேமராவைத் தூக்கினார்கள். ஒருத்தி வாசலில் பூங்கொத்து வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி கெர்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் வந்துவிட்டானா என்று கண்ணீரோடு கேட்டாள். அந்தக் கேள்வியை ஊரில் ஒரு ஜீவன்கூட அதுவரை அவளிடம் கேட்டதில்லை.

ஆகஸ்ட்டில் மரீத்தா வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் வெறும் கொக்கி மட்டும் இருந்தது. பல்பு போய்விட்டது, இந்தச் சமயத்தில் எங்கே கிடைக்கும் என்றாள் கெர்டா. மரீத்தா கடைக்கு நடந்தாள். குல்லன் அவள் முகத்தைப் பார்த்தவுடனே குனிந்து அந்தப் பெட்டியை எடுத்தாள்.

"அம்மாவுக்குத்தான? எப்பவும் வச்சிருக்கேன். கொஞ்ச நாளா வரக்காணோம்."

பல்பை மேஜைமேல் வைத்தபோது கெர்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பல்புக்காகவா இறக்கின? நான் பாடினதாலதான?" என்றாள் மரீத்தா.

"பாடாதன்னு நான் சொல்லலடி. உன் பொழப்பு அது." கத்தி கொஞ்ச நேரம் ஓடியது. "ஊர்ல யாரும் கேக்காம இருந்தாங்க. அதனாலதான் என்னால அத எரியவிட முடிஞ்சுது. இப்ப வந்து நின்னு பாக்குறாங்க. காட்சிப்பொருளாட்டம்."

"மன்னிச்சுக்கோம்மா. திரும்ப மாட்டிடலாம்."

"எதுக்கு? வர்றவங்க படம் எடுக்கவா?"

பல்பை ஒரு அலமாரி இழுப்பறையில் போட்டு மூடினாள். இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் வைத்தாள். இருவரும் வானிலை பற்றிப் பேசினார்கள். மரீத்தா ஊரை விட்டுக் கிளம்பும்போது இந்தப் பாட்டை இனிமேல் பாடப்போவதில்லை என்றுதான் நினைத்தாள். அந்த வாரக் கடைசியிலேயே ஒரு பூங்காவில் ஜனங்கள் அதற்காகக் காலைத் தரையில் தட்டினார்கள். பாடினாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பிப்ரவரி மாதம், மேடைக்குப் போகிற நேரத்தில் கெர்டாவிடமிருந்து போன் வந்தது. சொல்லவேண்டிய எதையோ சொல்லாமல் சுற்றிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"நேத்து உன் பாட்டக் கேட்டு வர்ற ஆளு ஒருத்தன் வந்துட்டான். பிப்ரவரியில. முற்றத்துக்குள்ளேயே காரக் கொண்டாந்து நிறுத்திட்டு லைட்டையும் அணைக்காம உக்காந்திருக்கான். நான் சமையலறை விளக்க அணைச்சிட்டு இருட்டுல நின்னேன். அப்புறம் போயிட்டான்."

மரீத்தா சிரித்துவிட்டாள். அடுத்த தடவை டிக்கெட் போட்டு வசூல் பண்ணு என்றாள். கெர்டாவும் அரைமனசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் மரீத்தாவின் பாட்டு வாழ்க்கை மெல்ல இறங்கத் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஒரு இசைத்தட்டு போட்டாள், அது ஊறுகாய்க்குக்கூட ஆகவில்லை. சொந்தமாக எழுதிய நாற்பது ஐம்பது பாட்டில் ஜனங்களுக்கு ஒன்றுதான் தெரியும். பின்லாந்துக்குப் போகிற கப்பல்களில் குடித்துவிட்டு ஆடுகிறவர்களுக்கும், கடைத்திறப்பு விழாக்களில் தள்ளுவண்டியோடு நிற்கிறவர்களுக்கும் அதையே பாடினாள். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் நட்சத்திரம் இன்னும் எரிகிறது என்றுதான் அந்தப் பாட்டு முடியும். கண் மூடிக்கொண்டு பாடுவாள். உருகிப்போய்ப் பாடுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இருண்ட ஜன்னலும் வெறும் கொக்கியும்தான் அவள் கண்ணுக்குள் இருக்கும்.

கெர்டா ஒரு நவம்பரில் இறந்தாள், அதிக நாள் படுக்கவில்லை. எங்கள் பக்கம் அடக்கத்துக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் வாரிசு விவகாரத்துக்காக ஹோக்கனைத் தேடியதில் நார்வே கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் ஆள் கிடைத்துவிட்டான். இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதே மரீத்தாவுக்குத் தாங்கவில்லை. அம்மா தேட விட்டதில்லை. வருகிறவன் தானாக வரவேண்டும் என்பாள்.

அவன் வந்தான். நரைத்த தாடி, கொஞ்சம் நார்வே இழுப்பு கலந்த பேச்சு, கடன் வாங்கிய கறுப்புக் கோட்டு. எல்லோரையும் போல ஒரு பூவைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அப்புறம் தேவாலய மண்டபத்தில் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மரீத்தா, எதிரே அண்ணன், மேஜையின் ஓரத்தில் ரூனே. ரூனேவுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று மரீத்தா கேட்கவில்லை. ஹோக்கனே ஆரம்பித்தான்.

"மொத வருஷம் கோவம். அப்புறம் வெக்கம். ஆனா ஒரு தடவ வந்தேன்." கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "படகுல ரேடியோவுல உன் பாட்டு வந்துது. மொத வரியிலேயே நம்ம அடுக்களைன்னு தெரிஞ்சிபோச்சு. ரெண்டு வருஷம் தைரியம் வரல. அப்புறம் ஒரு பிப்ரவரியில கார எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். வந்து சேரும்போது சாயங்காலம் அஞ்சு மணி, இருட்டிடுச்சு. ஜன்னல்ல நட்சத்திரம் இல்ல. சரி, பாட்டுன்னா கொஞ்சம் சேத்துத்தான பாடுவாங்கன்னு நெனச்சேன்."

மரீத்தாவின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

"இருந்தாலும் கதவத் தட்டலாம்னுதான் இருந்தேன். சமையலறையில வெளிச்சம் இருந்துது, அம்மா நடமாடுறது தெரிஞ்சுது. எறங்கறதுக்குள்ள வெளக்க அணைச்சுட்டாங்க. என்னப் பாத்துட்டுத்தான் அணைச்சாங்கன்னு நெனச்சேன். அப்பா சொன்னது அம்மாவோட முடிவுந்தான்னு புரிஞ்சுக்கிட்டு வண்டியத் திருப்பிட்டேன்."

சொல்லாமல் இருந்துவிடலாம். அவன் இத்தனை காலம் அந்த நினைப்போடு வாழ்ந்துவிட்டான், இன்னும் கொஞ்ச காலம் வாழ்ந்துவிடுவான். சொன்னால் பழி தன் தலையில்தான் விழும். மரீத்தா கோப்பையைக் கீழே வைத்தாள். அம்மா உன்னை அப்படி விரட்டினாள் என்று இவன் சாகும்வரை நம்பக்கூடாது, அது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது.

"உன்னப் பாத்து இல்லண்ணா. என் பாட்டக் கேட்டுட்டு வேடிக்க பாக்க வந்த ஆளுன்னு நெனச்சு அணைச்சாங்க. மறுநாள் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க." கோப்பையை ஓரமாகத் தள்ளினாள். "நான் சிரிச்சேன்."

"நட்சத்திரம்?"

"பத்து வருஷம் எரிஞ்சுது. ஒண்ணும் சேத்துப் பாடல. நான் பாடினப்புறந்தான் இறக்கிட்டாங்க."

ஹோக்கன் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. அப்போது ரூனே தொண்டையைச் செருமினார். அந்த ஜன்னலைப் பற்றி ஊர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஜூன்லகூட எரிஞ்சுதுப்பா," என்றார். "அந்த வளைவுல திரும்பறப்பல்லாம் பாப்பேன். ஒரு நாளும் அணைஞ்சதில்ல."

ஹோக்கன் கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டான். மரீத்தா எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொட உரிமை உண்டா என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

அவன் மறுநாள் நார்வேக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறான், அங்கே காற்று எப்படி, இங்கே பனி எப்படி என்று பேசிக்கொள்கிறார்கள். மரீத்தா அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. அம்மா வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வண்டியை ஓட்டுகிறாள். வண்டியில் ரேடியோ கிடையாது, அவளே கழற்றிவிட்டாள்.

டிசம்பரில் அவளும் நட்சத்திரத்தை மாட்டுகிறாள். ஜனவரி பதின்மூன்றாம் தேதி முக்காலி போட்டு ஏறி, எல்லோரையும் போல இறக்கிப் பரணில் வைத்துவிடுகிறாள். வழி தெரியாமல் வரவேண்டியவர் இனி யாரும் இல்லை. கோடைத் திருவிழாவில் மேடைமேல் கிடார் சும்மாதான் சாய்ந்திருக்கும், மரீத்தா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். ஒரு பாட்டுப் பாடேன் என்று கிரான்லிடனில் ஒருவரும் அவளைக் கேட்பதில்லை.