வீங்காத கழுத்து

என் சித்தியைப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் மட்டம் போட்டவளுக்கு அந்தப் பட்டம் வந்தது கன்றுக்குட்டிகளால். பிறந்த கன்றுக்கு மடியில் முட்டிக் குடிக்கத் தெரியும். வாளியில் தலை குனிந்து குடிக்கத் தெரியாது. சித்தி இரண்டு விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைப்பாள். கன்று சப்பும். சப்பச் சப்பக் கையை மெல்ல வாளிக்குள் இறக்குவாள். விரலை விட்டுவிட்டுப் பாலைக் குடிக்கத் தொடங்கியது எப்போது என்று கன்றுக்கே தெரியாது. முரண்டு பிடிக்கிற கன்றிடம், "பாடத்த முடிக்காம வெளிய விட மாட்டேன் ராஜா" என்பாள். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் எப்போதும் வெளுத்து, நுனி சொரசொரவென்று இருக்கும்.

கல்யாணம் முறிந்து எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தவளை அந்தப் பால்பண்ணையில் சேர்த்துவிட்டவர் அப்பா. அப்பா அங்கே சூப்பர்வைசர். "நான் கை காட்டினேன், முதலாளி மறுபேச்சு பேசல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சித்தியும் அந்த நன்றியை மறக்கவில்லை. யாரும் கேட்காமலே அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு வைப்பாள்.

அப்பா கை காட்டி உள்ளே வந்த இன்னொருத்தி மகாராணி. கிடேரியாக இருக்கும்போதே அப்பா பார்த்துப் பொறுக்கிய பசு. ஒரு காலத்தில் பண்ணையிலேயே அதிகம் கறந்தவள். வயதாகிக் கறவை குறைந்த பிறகும் அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. காரணம் அவள் கழுத்து. காசநோய் மனிதருக்கு மட்டும் வருவதில்லை, மாட்டுக்கும் வரும். அதைக் கண்டுபிடிக்க வருஷா வருஷம் மாட்டு டாக்டர் வந்து, ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கொஞ்சம் மயிரை மழித்து, தோலின் தடிப்பை அளந்து, துளி மருந்தைத் தோலுக்குள் ஏற்றிவிட்டுப் போவார். மூன்றாம் நாள் திரும்பி வந்து மறுபடி அளப்பார். வீங்கியிருந்தால் மாடு பண்ணையை விட்டுப் போக வேண்டியதுதான். மகாராணியின் கழுத்து ஒரு வருஷம்கூட வீங்கியதில்லை. "சுத்தமான ரத்தம்" என்பார் அப்பா, ஏதோ தானே ஊறவைத்த ரத்தம் மாதிரி. தாயிடம் பால் இல்லாத கன்றுகள், சோனிக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் அவளையே செவிலித்தாயாக நிறுத்தினார். கன்றுகள் முட்டி முட்டிக் குடிக்க, மகாராணி அவற்றின் முதுகை நக்கிக்கொடுத்துக்கொண்டே நிற்பாள். சித்திக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அவளுக்கு ஒன்று உறுத்தியது. படுத்து எழும்போதெல்லாம் மகாராணி இருமினாள். வாய் ஓயாமல் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தி சொன்னாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், மகாராணி எந்திரிக்கிறப்ப எல்லாம் இருமுறா. ஆளும் இளைச்சிட்டா. கன்னுங்கள கொஞ்ச நாள் தள்ளிக் கட்டலாமா?"

"வயசாச்சும்மா. எனக்குந்தான் காலைல இருமல் வருது. என்னையும் தள்ளிக் கட்டிடுவியா?"

அம்மா சிரித்தாளாம். "அவரு பாத்துக் கொண்டாந்த மாட்டப் போயி நொட்ட சொல்ற பாரு" என்றாளாம். சித்தியும் சிரித்தாள். அத்தானுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். யாரை நம்புவது என்பதில் என் சித்திக்கு எப்போதும் தாராள மனசு.

பிறகு சோதனை வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், மகாராணியிடம் குடித்த கன்று ஒன்று பாக்கியில்லாமல் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மற்ற மாடுகளுக்கு ஒன்றுமில்லை. மகாராணியின் கழுத்து வழக்கம்போல வழவழவென்று இருந்தது.

பால் அளக்கிற அறையில் எல்லாரையும் கூட்டினார்கள். முதலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மாட்டு டாக்டர் பேச்சைச் சுற்றி வளைக்காத பெண். மகாராணிமேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

"அந்த வயசான மாட்டுக்கு இருமல், மெலிவு ஏதாவது உண்டா? இருந்தா ரத்தம் எடுத்து வேற சோதனை பண்ணணும். யாராவது பாத்தீங்களா?"

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள்.

"இல்லவே இல்ல டாக்டர்" என்றார் அப்பா. "அப்படி எங்கிட்ட யாரும் சொன்னதும் இல்ல. சொல்லப்போனா இவதான் கொஞ்ச நாளா இருமிக்கிட்டு இருக்கா. கன்னுங்க வாயில விரல வைக்கிறதும் இவதான்."

வைக்கோல் தூசியில் வந்த இருமல் அது, அங்கே பாதிப் பேருக்கு இருந்தது. "அத்தான், நான் சொன்னேனே" என்றாள் சித்தி.

"எப்பம்மா சொன்ன?" என்று அப்பா கேட்டார், அவ்வளவு தன்மையாக.

அப்பாவைப் பற்றி மகள் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கன்றுகளுக்கு அந்தப் பசுவை நிறுத்தியது தான்தான் என்பது முதலாளிக்கு உறைத்துவிடுமோ என்று அவர் பயந்தார். பயம் எனக்குப் புரிகிறது. அந்தத் தன்மையைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கத்தியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மனிதரிடமிருந்தும் மாட்டுக்குத் தொற்றலாம் என்பதை டாக்டராலும் மறுக்க முடியவில்லை. சித்தியை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை வாங்கிக்கொண்டார்கள். கன்றுகளை ஏற்றிப்போக லாரி வந்தது. யார் இழுத்தும் ஒன்றுகூடப் பலகைமேல் கால் வைக்கவில்லை. "டீச்சரக் கூப்பிடுங்கப்பா" என்றார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு சித்தி போனாள். விரலை நீட்டினாள். ஒவ்வொன்றும் சப்பிக்கொண்டே அவள் பின்னால் ஏறியது. எங்கே போகிறது அந்த லாரி என்று அவளுக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவள் அந்தக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "என்னைய விட்டா வேற ஆளே கெடைக்கலையா அவங்களுக்கு" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மாட்டுக்குச் செய்ததைப்போலவே அவள் முன்கையில் ஊசி போட்டார்கள். வீங்கியது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள், சளியையும் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. "கிருமி உங்க உடம்புக்குள்ள எட்டிப் பாத்திருக்கு, உடம்பு அத அடக்கி வச்சிருக்கு. மாத்திரைய விடாம சாப்பிடுங்க. உங்களால யாருக்கும் தொத்தாது" என்றார் அந்த டாக்டர். கூடப் போயிருந்த அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தார். பண்ணையில் போய்ச் சொன்னது மட்டும் "அவளுக்கும் வீங்கிருச்சு" என்ற ஒரு வார்த்தை. அதோடு டீச்சருக்கு வேலை போயிற்று. அம்மா அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். நான் கேட்டதற்கு, "ஒரு முன்ஜாக்கிரதைதான்" என்றாள். சித்தி அந்த டம்ளரிலேயே குடித்தாள்.

பிறகு ஒரு காலையில் மகாராணி விழுந்தாள், எழவில்லை. செத்ததும் மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே முதலாளியிடம் சொல்லிவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். சித்திக்கு அவளுடைய டம்ளரில். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"நுரையீரல் முழுக்கக் கட்டி, உள்ள சீழ்" என்றார் டாக்டர். "ரொம்ப நாளா அதுகிட்ட இருந்துதான் கன்னுங்களுக்குப் போயிருக்கு."

"அதுக்குக் கழுத்து வீங்கலயே?" என்று சித்தி கேட்டாள்.

"வீக்கம்ங்கறது நோய் இல்லம்மா. உள்ள வந்தவன உடம்பு அடையாளம் கண்டுக்கிச்சுன்னு சொல்ற பதில். எளசான கன்னு பட்டுனு பதில் சொல்லும். வயசாகி, நோய் முத்திப்போன மாடு சில சமயம் சண்ட போட்டு ஓஞ்சு போயிடும். நாம என்ன ஊசி போட்டுக் கேட்டாலும் பேசாம இருக்கும். அதனாலதான் இருமல் உண்டான்னு அன்னைக்குக் கேட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "முதலாளி உங்கள மறுபடி வரச் சொல்றார். ஆனா அவருக்கு ஒரு குறை. பக்கத்துலயே இருந்தவ எப்படிக் கவனிக்காம விட்டான்னு கேக்கறார்."

"கவனிச்சேன் டாக்டர். சொன்னேன். இதே எடத்துல உக்காந்து அத்தான்கிட்ட சொன்னேன்."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இப்ப எதுக்குப் பழசு?" என்று அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

சித்தி அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, அவர் பக்கம் திரும்பவே இல்லை. போன வேலையைவிட, சொன்னவள் சொல்லவில்லை என்று ஆனதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க இன்னொரு வாய் போதும். அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பரிமாறிட்டு இருந்தியேக்கா. கேட்டு சிரிச்ச. சொல்லுக்கா."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். டாக்டர் காத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லடி."

கூடப் பிறந்தவள். இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள். அன்றிரவே சித்தி பெட்டியைக் கட்டினாள். இப்போது வேறொரு பண்ணையில் கன்றுகளுக்குப் பாடம் நடத்துகிறாள், என்னைப் பார்க்க வருவாள், அந்த வீட்டுக்கு வரமாட்டாள். ஆனால் அந்த நிமிஷம் அவள் அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"மகாராணி வயசாகி ஓஞ்சு போயி பதில் சொல்லாம நின்னா" என்றாள். "உனக்கு என்னக்கா ஆச்சு?"

அம்மா டாக்டருடைய டம்ளரையும் அப்பாவுடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சித்தியின் டம்ளரை அவள் தொடவில்லை.