ஆளில்லாத கரை

எங்கள் ஊருக்குப் புதுத் துறைமுகம் வந்த எழுபதுகளில் என் கணவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தார். ஒருமுறை, வரவேண்டிய நாள் கடந்தும் தோணி வரவில்லை. காற்று சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அது போதாதா? ஒன்றைப் பத்தாக்கிக் கவலைப்படுகிறவள் நான்.

அந்தச் சமயத்தில்தான், துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த என் கொழுந்தன் ஒரு காலண்டரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். இத்தாலிக் கப்பல் மாலுமி ஒருவர் கொடுத்ததாம். அதில், அவர்கள் நாட்டில் இந்தக் காலத்து ஓவியர் ஒருவர் வரைந்த படம். வெளிறிய வானம், ஒரு பட்டை நீலமாகக் கடல், மஞ்சள் மணல், கதவு சாத்திய வீடு, கரையேற்றி வைத்த படகு. ஆள் என்று ஒருவரும் இல்லை.

எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. எங்கள் கடற்கரையில் யாராவது இறந்தால் அன்று ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கரை அப்படித்தான் கிடக்கும். கொழுந்தன் போனதும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

மறுநாள் கொழுந்தன் பார்த்துவிட்டார். "என்ன மதினி, இத்தாலி ஒங்கள என்ன செஞ்சிச்சு?"

"எழவு விழுந்த கரைய வீட்டுல மாட்டுவாங்களா?"

"எழவா? நல்லாப் பாருங்க. அது ஞாயித்துக்கிழமை. சனமெல்லாம் பூசைக்குப் போயிருக்கு."

"படத்துல கிழமையா போட்டிருக்கு?"

"காலண்டர்ல கிழமை போடாம மீன் வெலையா போடுவான்?"

சிரித்துவிட்டேன். படத்தையும் நேராகத் திருப்பினேன்.

அதன் பிறகு உலையில் அரிசி வேகும்போதெல்லாம் அதைப் பார்த்தபடி இருப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு ஓவியம் பற்றி என்ன தெரியும்? மாதா கோயில் சுவரில் இருக்கும் படங்களில் யாராவது கையை உயர்த்தியிருப்பார், யாராவது அழுவார். இதில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்த வீட்டின் மேல் கொஞ்சம் வெயில், அவ்வளவுதான். வரைந்தவர் அவசரமே படாமல் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்வரை மனம் கடலுக்குள் ஓடாமல் வீட்டிலேயே இருந்தது.

தோணி வந்தது. காற்றுக்கு ஒதுங்கி மன்னார்ப் பக்கம் கிடந்ததாம். கறுத்து மெலிந்து வாசலில் நின்றவரிடம், "கால் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டேன்.

மறுநாள் மாதா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ரெண்டாவது யாருக்கு என்று அவர் கேட்டார். பெயர் தெரியாத அந்த ஓவியருக்கு என்றேன்.

"ஏளா, அவனா தோணிய ஓட்டுனான்?"

"நீங்க வாரவரைக்கும் என் நாள ஓட்டுனது அவருதான்."