வெங்காயத் தராசில் ஏறிய பிள்ளை

பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, கறுத்த வாழைப்பழத்தையும் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் அதில் பிசைந்து, மேலே ஒரு கரண்டி நெய்யை உருக்கி ஊற்றினால் எழும் வாசனை இருக்கிறதே, அது இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் என் வயிறு எனக்கு முன்னால் எழுந்து கதவைத் தேடும். துபாய்ப் பக்கம் அஜ்மானில் ஒற்றை அறையும் சின்ன அடுப்படியுமாக இருந்த எங்கள் ஃபிளாட்டில், ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க, பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் அந்தக் கூழை நான் விழுங்கியாக வேண்டும். உம்மா அதற்கு வைத்த பெயர் "சத்து". நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அதற்கு முந்தைய வருடம்வரை நான் ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டியது போல இருந்தேன். அந்தக் குச்சி நன்றாக ஓடும். வகுப்பில் என்னை முந்தியவன் கிடையாது.

வினை, லீவுக்கு ஊருக்குப் போனபோது வந்தது. தொண்டிப் பக்கம் கடற்கரையில் இருந்த எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டில், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, வாப்பாவின் அண்ணனான பெரிய வாப்பா என் சட்டையைத் தூக்கி, ஆர்மோனியம் வாசிக்கிறவரைப் போல விலா எலும்புகளின் மேல் விரலை ஓட்டினார்.

"என்னடா தம்பி இது? நம்ம ஊர்ல கருவாடு கிடைக்காதுன்னு அங்கேர்ந்து கொண்டாந்தியா?" என்று வாப்பாவைக் கேட்டார். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். கருவாடு நான்தான் என்பது சிரித்து முடித்த பிறகே புரிந்தது.

அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "அரபு நாட்டுல வச்சுப் பிள்ளையப் பட்டினி போடுறான்னு ஊரு பேசுது. அடுத்த லீவுக்குள்ள இவன் தேறணும். தேறலேன்னா தாயையும் பிள்ளையையும் இங்கேயே விட்டுட்டு நீ மட்டும் போ."

வாப்பாவை முதன்முதலில் துபாய்க்குக் கூட்டிப்போனவர் அவர். அவர் சொன்னால் வாப்பா தலையை ஆட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். உம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். அந்த வீட்டில் அவள் கடைசி மருமகள். எல்லோரும் தின்று எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிற வரிசையிலும் கடைசி. அஜ்மானிலோ உப்புப் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம். அவள் இனி அந்த அடுப்படியில் இருப்பதா வேண்டாமா என்பதை என் தொடைச் சதை தீர்மானிக்கும் என்றாயிற்று.

வாப்பா ஒரு "பக்காலா"வில், அதாவது மளிகைக் கடையில், வேலை பார்த்தார். விற்காமல் தேதி முடியப்போகிற சாமான்களை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்வார். சீஸ், கிரீம், சாக்லேட் பன் என்று எதற்கு அன்றைக்கு ஆயுள் முடிகிறதோ அதுவே என் ஊட்டச்சத்து. மற்றப் பிள்ளைகள் என்ன சாப்பிடவேண்டும் என்பதை டாக்டர் சொன்னார். எனக்கு அதை டப்பாவின் அடியில் அச்சடித்திருந்தார்கள். மதியத்துக்குப் பராட்டாவில் சீஸைத் தடவி, சிப்ஸை நொறுக்கித் தூவிச் சுருட்டித் தருவாள் உம்மா. அது மட்டும் பிடித்துத்தான் தின்றேன் என்பதை மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றுவார்கள். வாப்பாவோடு வேலை பார்த்த மலையாளத்து அண்ணன் ஹம்சாக்கா முள்ளைப் பார்த்துவிட்டு, "பாய், இந்த வாரம் ஸ்டாக் ஏறலியே, மூட்டையில ஓட்டை உண்டோ?" என்பார்.

ஓட்டை உண்டுதான். ஒருநாள் காலையில் குடித்த சத்து முழுக்க யூனிஃபார்மின் மேல் வாந்தியாக வந்தது. உம்மா சட்டையைக் கழற்றினாள், முகத்தைக் கழுவிவிட்டாள், அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தாள்.

"வேணாம் உம்மா."

"கக்குனது கணக்குல வராது ராசா. வாயைத் தொற."

"பஸ் போயிரும்."

"பஸ் போனா நடந்து போலாம். என்னைய ஊர்ல விட்டுட்டா நான் எதுல திரும்பி வர்றது?" என்று என் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அழுதது அவள், விழுங்கியது நான்.

சத்து வேலை செய்தது. முதலில் கன்னம் வந்தது, பிறகு கழுத்து போனது. சூடு பட்டதும் உப்புகிற அரபு ரொட்டியின் பெயரை, "குப்பூஸ்" என்று, வகுப்பே கூடி எனக்குச் சூட்டியது. விளையாட்டு விழாவில் வழக்கம்போலக் கோட்டில் போய் நின்றேன். விசில் ஊதியதும் கால்கள் பழைய ஞாபகத்தில் கிளம்பின; வயிறு சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் பாதி வழியில் இருந்தேன். "யல்லா குப்பூஸ், யல்லா!" என்று மைதானமே கைதட்டியது. பி.டி. சார் மைக்கில், "பின்னாடி வர்றது ரேஸா, ஊர்வலமா?" என்றார். ஊர்வலத்தில் வருகிற தலைவரைப் போல நானும் கூட்டத்துக்குக் கையசைத்தேன். சிரிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டால் வலிக்காது என்று நினைத்தேன். வலித்தது.

அடுத்த லீவில் பெரிய வாப்பா, பக்ரீத்துக்கு அறுக்கிற குர்பானி ஆட்டைப் பிடித்துப் பார்ப்பது போல என் தொடையைக் கிள்ளினார். "மாஷா அல்லாஹ்! இப்பத்தான் சம்பாதிக்கிறவன் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கான். கூட்டிட்டுப் போ." உம்மா அறைக்குள் போய் அப்போதே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். லீவு முடிய இன்னும் வெகுநாள் இருந்தது.

பெரிய வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்தே பல வருடமாகிறது. வேலை முடிந்து வாப்பாவும் உம்மாவும் ஊருக்கே, அந்தக் கூட்டுக்குடும்ப வீட்டுக்கே போய்விட்டார்கள். நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். உம்மாவின் அடுப்படி இருந்த உயரத்தில் வெறும் வெயில்தான் நிற்கிறது. நான் அதே அஜ்மானில், மனைவி, மகள், சர்க்கரை மாத்திரை என்று குடித்தனம் நடத்துகிறேன். என் மகளின் பள்ளிக்கூடத்தில் சிப்ஸுக்குத் தடை; வெள்ளரியும் கேரட்டும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அவள் மிச்சம் வைப்பதை ஆடு போல நான்தான் மெல்கிறேன்.

போன மாதம் அந்தப் பள்ளியில் அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். முட்டிவலி என்று ஒதுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மானம் கேட்காமல், "உன் வயசுல நான் ஒல்லிம்மா. வகுப்புலயே என்னைய முந்த ஆளில்ல" என்று மகளிடம் சொன்னேன்.

"யூ? நோ வே, வாப்பா!" அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

காட்டுவதற்குப் படம் இல்லை. ஒல்லியாக இருந்த காலத்துப் படம் எதையும் உம்மா வைத்துக்கொள்ளவில்லை. எனவே சாட்சிக்கு அவளையே வீடியோ காலில் பிடித்தேன்.

"சொல்லு உம்மா, சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்?"

உம்மா யோசிக்கவே இல்லை. கூடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"பொறந்ததுலேர்ந்தே கொழுகொழுன்னுதான் இருந்தே. அங்க வச்சு என் பிள்ளைய நான் பட்டினியா போட்டேன்?"