சுகிர்தம் டீச்சர் வாங்கிய புது மிஷின்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கம்பத்தில் திராட்சைப் பெட்டி சுமந்து, ஒரு வேன் வாங்கி, அதை நாலு வேனாக்கியவன். ராக்கப்பன் ஏற்றிய சரக்கில் ஒரு பழம்கூட நசுங்காது என்று மெட்ராஸ் மண்டிவரை பேர் உண்டு. அப்பேர்ப்பட்ட என்னையே ஒருநாள் வேர்க்க வைத்தவர் சுகிர்தம் டீச்சர்.

அவர் எங்கள் ஊரில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தினார். இருந்த ஏழு மிஷினும் மதுரையில் வாங்கிய பழசு. எழுபத்திரண்டில் ஒரு புது மிஷின் வாங்கினார். அந்த விலைக்கு மூன்று பழசு வாங்கலாம்.

"ஏன் டீச்சரம்மா, இதுலயும் அதே எழுத்துதான விழுகுது?" என்று கேட்டேன்.

"உங்க வேனுக்கு எதுக்குண்ணே புது டயரு? பழசும் உருளத்தான செய்யுது?" என்றார். என்னையே மடக்கிவிட்டார்.

டைப் பரீட்சைக்குப் போகிறவர்கள் மிஷினையும் கூடவே கொண்டுபோக வேண்டும். சென்டர் தேனியில். அந்தத் தடவை நாலு பேர் போனார்கள். அதில் கோம்பை வீரணன் மகள் முத்துப்பேச்சி, முன்பே ஒருமுறை பெயிலானவள். "இந்தவாட்டியும் போச்சுன்னா பேசாமத் தோட்டத்துக்கு வந்துரு ஆத்தா" என்று வீரணன் கறாராகச் சொல்லியிருந்தார்.

மூன்று பழசும் அந்தப் புதுசும் என் வேனில் ஏறின. திராட்சைக்குச் செய்வதுபோலவே அடியில் வைக்கோல் பரப்பி, இடுக்கெல்லாம் திணித்து, நானே அடுக்கினேன். ஒரு ஆட்டம் அசைவு இல்லை.

தேனியில் இறக்கித் துணி உறையை எடுத்த டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. பழைய மிஷின் மூன்றிலும் வைக்கோல் தூசி. எழுத்துக் கம்பிகள் மேலே போனால் கீழே வரவில்லை.

"என்னண்ணே, இது என்ன திராட்சையா?"

நான் குனிந்து வைக்கோலைப் பொறுக்கினேன். பிரஷ்ஷை வைத்துத் தட்டித் தட்டி இரண்டைச் சரிசெய்தார். முத்துப்பேச்சியின் மிஷின் மட்டும் பாதி வரியில் சிக்கி நின்றது. பெல் அடிக்கப் பத்து நிமிஷம்.

புதுசுக்குக் கம்பெனியே இரும்பு மூடி போட்டுக் கொடுத்திருந்தது. திறந்தால் உள்ளே ஒரு துரும்பு இல்லை. அதில் அடிக்க வேண்டிய நல்லகண்ணுக்குப் பரீட்சை மத்தியானம்தான். டீச்சர் அதைத் தூக்கி முத்துப்பேச்சி முன்னால் வைத்தார்.

"இதுல நான் அடிச்சதே இல்லையே டீச்சர்!"

"பழசுல குத்துற மாதிரிக் குத்தாத. தொட்டாப் போதும்."

பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் அழுதாள். "மொத ரெண்டு வரியில எழுத்து ரெட்டை ரெட்டையா விழுந்துருச்சு. அப்புறந்தான் கை பழகுச்சு."

ரிசல்ட் வரும்வரை நான் வீரணன் இருக்கும் பக்கமே போகவில்லை. வந்தது. இரண்டாம் வகுப்பில் பாஸ். முதல் ஆளாக ஓடிப்போய் அவரிடம் சொன்னவன் நான்தான்.

மறுநாளே வீரணன் வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு மகளோடு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். "டீச்சரம்மா, வெல கூடுன புது மிசின்லதான் புள்ள பாஸாச்சுன்னு ராக்கப்பன் சொன்னாக. அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துரவா?"

"அந்த மிஷினாலதான் ரெண்டு வரி கெட்டுச்சு. மிச்சம் பூராம் அவ கை. படிக்கிற புள்ளைக்குப் பழசே போதும். ஆபீஸ்ல உக்காந்து நாள் பூரா அடிக்கும்போது புதுசு கேக்கட்டும், குடுத்த காசு தகும்."

வீரணன் மடியிலிருந்து பீஸ் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்பச் சரி. அடுத்த பெரிய பரீட்சைக்கும் இவ பேர எழுதிக்கிருங்க. தோட்டத்துக்கு நான் ஆள் போட்டுக்கிறேன்."