அணைந்த திரையில் நின்றவன்

நம்ப மாட்டேன் என்கிறவன் நம்பவே வேண்டாம். நானும் யார் சொல்வதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் என் வலது கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும். மூன்று விரல் மடங்காது. டீ டம்ளரை இடது கையால்தான் பிடிக்கிறேன். கதை கேட்டு உடைந்த விரல் இல்லை இது.

என் பெயர் ஷஹ்ஹாத். கெய்ரோவில் ஷுப்ரா பக்கம், மூன்றாம் மாடி. ஆயுசு முழுக்க ஊர்த் துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தவன்.

போன நோன்பு மாதம் என் மகள் நகாத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் சொல்லும் சாயங்காலத்துக்கு மறுநாள் ஏழாம் நாள். அன்றைக்குக் குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, காதோரம் பித்தளை உரலை உலக்கையால் தட்டுவோம். பிள்ளை சத்தத்துக்குப் பயப்படாமல் வளர வேண்டும். மருமகன் ரகப்புக்குக் குவைத்தில் சமையல் வேலை. லீவு கிடைக்கவில்லை. "போன்ல கையளவு பாக்க மாட்டேன் மாமா. என் பிள்ளைய லேப்டாப்ல பெருசாக் காட்டுங்க" என்று ஒரே பிடிவாதம்.

லேப்டாப்போ சாகக் கிடந்தது. மூடியைத் திறந்தால் படம் நடுங்கும். கோடு கோடாக விழும். கொஞ்சம் சாய்த்தால் மொத்தமும் கறுத்துப்போகும். கடைக்குக் கொடுக்க நான் விடவில்லை. கடைக்காரன் நல்ல சாமானை உருவிக்கொண்டு சொத்தையை வைப்பான். என் மகள் கல்யாணப் படமெல்லாம் அதற்குள் இருக்கிறது. எவனோ ஒருவன் அதை ஏன் பார்க்க வேண்டும்?

என் மகன் பயூமி வீட்டிலேயே மாற்றுகிறேன் என்றான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய திரை வாங்கிவந்தான். அழுக்குத் துணியில் சுற்றியிருந்தது.

"யார் வீட்டுச் சாமான்டா இது?"

"மூட்டையில கிடந்தது யப்பா. அதுகிட்டயே அட்ரஸ் கேளு."

மணி ஐந்தரை. நோன்பு திறக்க இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. தெருவில் சத்தமே இல்லை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நான்கு பக்கமும் சுவர். பகலிலேயே இருட்டு. அடுப்பில் பருப்புச் சூப் மூடியிருந்தது. மேஜை ஓரத்தில் மறுநாளைக்காகத் துலக்கிவைத்த உரல். அதற்குள் உலக்கை. நகாத் குழந்தையோடு உள்ளறையில் இருந்தாள்.

பயூமி முதலில் பாட்டரியை உருவினான். மூடியின் ஓரத்தை நெம்பிச் சட்டத்தைக் கழற்றினான். மேலே கடுகளவு காமிரா. அதன் வயரைப் பிடுங்கி மேஜை மூலையில் வைத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய திரை வெளியே வந்தது. சந்தைத் திரையை எடுத்தான். அதன் மூலையில் பழுப்பாக ஒரு கறை.

"டீக் கறை" என்றான்.

நான் மோந்து பார்த்தேன். டீ துரு நாற்றம் அடிக்காது.

"ஸ்குரூ போடறதுக்கு முன்னாடி எரியுதான்னு பாத்துடுவோம்." சந்தைத் திரையின் வயரை மாட்டி, பாட்டரியைச் செருகிப் பொத்தானை அமுக்கினான். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு.

"திரைக்குப் பின்னாடி இருக்கற விளக்கு செத்திருக்கு. படம் உள்ளதான் இருக்கும். டார்ச்ச சாய்ச்சு அடி யப்பா, தெரியும்."

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தேன். டார்ச் என் இடது கையில்.

தெரிந்தது. சாம்பல் பூசினமாதிரி மங்கலாக... ஆனால் திறந்ததும் எப்போதும் வருகிற நகாத்தின் கல்யாணப் படம் இல்லை. ஒரு சமையலறை. நீலச் சுவர். மேஜையில் குனிந்து ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முகம் தெரியவில்லை. அவன் பின்னால் இன்னொருவன் நிற்கிறான்.

"காமிரா நம்மளத்தான் பிடிக்குதுடா."

"காமிரா இந்தா கிடக்கு." பயூமியின் குரல் இறங்கிவிட்டது. பிறகு அவனே சிரித்தான். "நோன்பு மாசம் யப்பா. ஷைத்தான் எல்லாம் சங்கிலியில கிடக்கும். கிழவன் நீ போய் நடுங்குறியே."

அங்கேதான் கெட்டோம். வேறு மாதமாக இருந்தால் அதை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். நோன்பு மாதத்தில் எங்களுக்கு ஒரு குருட்டுத் தைரியம். அப்படியே நின்றோம்.

டங்...

திரும்பினேன். உரல் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே உலக்கை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"நகாத், உரலத் தட்டினது யாரு?"

"நான் பால் குடுத்துட்டு இருக்கேன்பா. நாளைக்குத் தட்டுங்க. இப்பத்தான் கண்ணசருது."

மணி ஐந்து ஐம்பத்தாறு.

"அணைடா அத" என்றேன். பயூமி பாட்டரியைப் பிடுங்கினான். காற்றாடி நின்றது. டார்ச் வெளிச்சத்தில் படம் மட்டும் அப்படியே இருந்தது. நின்றவன் ஓரடி கிட்டே வந்திருந்தான். அவன் வலது கையில் ஏதோ...

உட்கார்ந்திருப்பவன் சட்டைக் காலரில் ஒரு கிழிசல்.

பயூமியின் காலரைப் பார்த்தேன். கிழிசல்.

மறுபடி திரையைப் பார்த்தேன். நீலச் சுவர் இப்போது வெள்ளை. எங்கள் சுவர்.

"எந்திரிடா."

"என்ன யப்பா?"

"எந்திரி..."

படத்தில் அந்தக் கை உயர்ந்தது.

என் பக்கத்தில் யாரும் இல்லை. பின்னாலும் இல்லை.

டங்.

பயூமியின் முகம் மேஜையில் மோதியது. பின்மண்டை பிளந்துவிட்டது. ரத்தம் திரையில் தெறித்தது. என் வாயில் தெறித்தது. நோன்பு வாயில் உப்புக் கரித்தது.

கை மறுபடி உயர்ந்தது.

"யப்பா... அடிக்காத யப்பா..."

என் வலது கையை அவன் மண்டைமேல் பொத்தினேன்.

விழுந்தது.

காய்ந்த ரொட்டி நொறுங்குகிற சத்தம். என் விரல்.

மறுபடி...

மறுபடி...

நான் கையை எடுக்கவில்லை.

டார்ச் விழுந்தது. இருட்டு.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

அத்தோடு நின்றது.

நகாத் விளக்கைப் போட்டாள். குழந்தை அவள் தோளில். தம்பியைப் பார்த்தாள். பிறகு என் காலடியைப் பார்த்தாள். அங்கே உலக்கை கிடந்தது. ஈரமாக.

"அப்பா... என்னப்பா பண்ணீங்க?"

எதிர்வீட்டு மெத்வல்லி பயூமியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். நடந்ததைப் படியிலேயே சொன்னேன். சங்கிலிப் பேச்சையும் சொன்னேன். அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "சங்கிலியில கிடக்கிறது ஷைத்தான் ஷஹ்ஹாத். செத்த மனுஷன யாரு கட்டிவெச்சா?"

பயூமி பிழைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். மெத்வல்லி நல்லவன், வாயைத் திறக்கவில்லை. நகாத் அழுதுகொண்டே இருந்தாள். நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸிடம் நான் எதற்குப் பேச வேண்டும்?

அவர் முதலில் கேட்டது இதைத்தான். "ஹாஜி, அந்தத் திரைய எங்க வாங்குனீங்க?"

"திரை மாத்தினோம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் நோன்பு மாசம். இம்பாபா பக்கம் ஒரு வீடு. பேரனுக்கு மறுநாள் ஏழாம் நாள். மகன் லேப்டாப்புக்குத் திரை மாத்துறான். அப்பன் பின்னால டார்ச் பிடிச்சு நிக்கிறான். மகன் மண்ட உலக்கையால நொறுங்கிக் கிடந்தது. செத்துட்டான். நான் அடிக்கல, திரையில நின்னவன் அடிச்சான்னு கிழவன் சத்தியம் பண்ணான். கோர்ட்டு நம்பல. நானும் நம்பல. இப்ப ஜெயில்ல இருக்கான்."

"இப்ப மட்டும் என்ன நம்பிக்கை?"

அவர் என் கட்டுப் போட்ட கையையே பார்த்தார். "அவனுக்கும் வலது கையில மூணு விரல் நொறுங்கியிருந்தது ஹாஜி."

அந்த இம்பாபா வீட்டுத் திரை இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கோர்ட்டுக் கிடங்குல. சீல் உடையாம இருக்கு. இங்க வர்ற வழியில பாத்துட்டுத்தான் வந்தேன். மூலையில பழுப்பா ஒரு கறை."

எங்கள் வீட்டையும் அவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சமையலறை மேஜையில் லேப்டாப் இன்னும் திறந்து கிடந்ததாம். பழைய திரை ஓரமாக இருந்ததாம். சந்தைத் திரையை மாட்டிய இடம் காலி. மேஜைக்கடியிலும் ஒரு சில்லு இல்லை.

என்மேல் வழக்குப் போடவில்லை. அடித்தது நான் இல்லை என்று பயூமியே எழுதிக் கொடுத்தான். இப்போதும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம். என்னைக் கிண்டல்கூடச் செய்கிறான்.

ஆனால் இன்றுவரை எனக்கு முதுகு காட்டி அவன் உட்கார்ந்ததில்லை.