அண்ணன் சுமையில்லாமல் சைக்கிள் மிதித்த வருடங்கள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களும், கடை வாடிக்கையாளர்களும், அண்ணனோடு விடியற்காலையில் சைக்கிள் ஓட்டிய நண்பர்களும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடப் போகிறீர்கள். உங்களில் பாதிப்பேர் அண்ணனை வேட்டியில் மட்டுமே பார்த்தவர்கள். மீதிப்பேர் அரைக்கால் ட்ரவுசரில் மட்டுமே பார்த்தவர்கள். இரண்டு கோலத்திலும் பார்த்தவன் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தகுதி இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது எட்டயபுரம் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பூர்வீக ஊரில். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அடுத்து நான், கடைசியில் தங்கை. அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உண்டு, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து மழை பொய்த்த பிறகு குடும்பம் கோவில்பட்டிக்கு வந்தது. அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா மஞ்சள் காமாலையில் தவறிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது நானும் தங்கையும் போனோம். அண்ணன் ஒரு மொத்தப் பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பெரிய கேரியர் வைத்த கறுப்பு சைக்கிளில் அரிசி மூடையும் எண்ணெய் டின்னும் கட்டி, சுற்றுப்பட்டிச் சின்னக் கடைகளுக்குக் கொண்டு போடுவது. இனாம்மணியாச்சி, இலுப்பையூரணி, நாலாட்டின்புத்தூர் என்று வெயிலில் மிதித்துவிட்டு வந்து, வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்தச் சைக்கிளில்தான் என் கல்லூரிப் படிப்பும் தங்கையின் கல்யாணமும் வந்தன. பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். மைனியைக் கட்டிவந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைக் கேட்டால், “ரெண்டு பிள்ளைய வளத்தாச்சுல்லா?” என்று எங்கள் இருவரையும் காட்டிவிடுவார்.

அண்ணன் ஊருக்குப் போனார் என்றால் கல்யாணம், இழவு வீட்டுத் துஷ்டி, குலதெய்வம், இல்லையேல் விருதுநகரில் சரக்கு எடுப்பது. இவை தவிர வேறு காரணத்துக்கு அவர் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. சும்மா ஓர் இடத்தைப் பார்க்கப் போவதை அவர் சோம்பேறித்தனத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டும் பழக்கம் எனக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டிய அண்ணனுக்குச் சர்க்கரை கூடி, மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னபோது, நான் புது சைக்கிள் வாங்கிக்கொண்டு, பழைய கியர் சைக்கிளை ஊருக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

“ஏலே, சைக்கிள் மிதிச்சுத்தான் இந்தக் காலே வளஞ்சுபோச்சு. திரும்பவும் மிதிக்கச் சொல்லுதியே, ஒனக்கு மனசாட்சி இருக்கா?” என்றார்.

மைனிதான், “தெரு முக்கு வரைக்கும் போய்ட்டு வாங்களேன். கொழுந்தன் அம்புட்டுத் தூரத்துல இருந்து கொண்டு வந்திருக்காவ” என்று தள்ளிவிட்டார்.

தெரு முனைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எங்கேயாவது விழுந்துவிட்டாரோ என்று நான் கிளம்பும்போது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு வந்து இறங்கினார். எட்டயபுரம் சாலையில் பைபாஸ் தாண்டிப் போய்விட்டாராம்.

“பின்னால மூடை இல்லாம மிதிச்சா என்னமா போகுதுல! நான் இத்தன வருசமா சைக்கிளே ஓட்டல போலிருக்கே” என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. விடிவதற்குள் கிளம்பி, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். ஊரில் சைக்கிள் ஓட்டும் சில நண்பர்கள் சேர்ந்தார்கள். குருமலைப் பக்கம் போவார்கள், கழுகுமலைக்குப் போவார்கள். மலைக்குப் போனால் சாமி கும்பிட்டீர்களா என்று மைனி கேட்பார். “கும்பிட்டேன். அதுக்காகப் போகல” என்பார் அண்ணன். மழை பெய்த மறுநாள் ஆசைப்பட்டுக் கரிசல் பாதையில் இறங்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கி வந்ததும் உண்டு. அதற்கப்புறம் மண்ணைக் குத்தியெடுக்க ஒரு சின்னக் குச்சியைச் செருகிக்கொண்டே போனார். எந்தக் காட்டில் சூரியகாந்தி பூத்திருக்கிறது, எந்த ஊர்க் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று எனக்குப் போனில் சொல்லுவார். அதற்கு முன்பெல்லாம் எங்கள் போன் பேச்சு “சாப்டியா, சரி வச்சிருதேன்” என்பதோடு முடிந்துவிடும்.

நான் விடுப்பில் வந்திருந்த ஒருமுறை, பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாகப் புதியம்புத்தூருக்கு இருவரும் போனோம். தங்கையும் மாப்பிள்ளையும் அங்கே ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் நடத்துகிறார்கள். அண்ணன் என்னுடைய அரைக்கால் ட்ரவுசரைப் போட்டு, ஹெல்மெட் மாட்டியிருந்தார். யூனிட் வாசலில் நின்ற தங்கைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணே, என்ன ஆச்சு? மைனிக்கு எதும் சொகமில்லையா? எதுக்கு இப்படி வந்திருக்கீங்க?”

“ஒண்ணும் ஆகல, ஏட்டி. ஒன்னப் பாக்கணும்னு தோணுச்சு, வந்தேன்.”

தங்கை அழுதுவிட்டாள். காரணம் இல்லாமல் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானமே யூனிட்டில் வைத்து, பை வைத்த ட்ரவுசர் தைத்துக் கொடுத்தாள். யூனிட்டில் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அந்த ஆசை கடல் வரைக்கும் வளர்ந்தது. விளாத்திகுளம் வழியாக வேம்பார் போய், கடலில் காலை நனைத்துவிட்டு, மறுநாள் திரும்ப வேண்டும் என்றார். அவர் மறைவதற்கு ஓராண்டு முந்தைய மார்கழியில் அதற்காகவே விடுப்பு எடுத்து வந்தேன். குளிர்ந்த காற்று, இரண்டு பக்கமும் பச்சைப் பயிர். அண்ணன் முன்னால் போனார். விளாத்திகுளத்துக்குக் கொஞ்சம் முன்பு வேகம் குறைந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, நெஞ்சைத் தடவினார்.

“நெஞ்சு கரிக்குல. நேத்துத் தின்ன பரோட்டா எதுக்களிக்குது.”

நான் அதை நம்பினேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். சோடா பாட்டில் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தபோதுதான் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தேன். காற்றோ அவ்வளவு குளிராக இருந்தது. மிளகாய் மூடை ஏற்றிப்போன ஒரு வேனை டீக்கடைக்காரர் கைகாட்டி நிறுத்தினார். விளாத்திகுளம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் தூத்துக்குடி. மாரடைப்பு என்றார்கள். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். “இத்தனை வருசம் சைக்கிள் ஓட்டுனதாலதான் இவர் இதயம் இவ்வளவு தாங்கியிருக்கு. கொஞ்ச மாசம் நடக்கட்டும். டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, சமதரையில மெதுவா ஓட்டலாம். ஒரேயடியா விட்டுறாதீங்க.”

மைனியும் தங்கையும் நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அந்த வேனில் மிளகாய் மூடைமேல் சாய்ந்திருந்த அண்ணனின் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நான். இன்னொரு தடவை அப்படி ஆனால் மைனியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம் எனக்கு. அதை அண்ணன் மேலுள்ள அக்கறை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

“இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்ணே. சைக்கிள நான் கொண்டுபோறேன்” என்றேன்.

“டாக்டர் ஓட்டலாம்னுதான சொன்னாவ?” என்று மைனி மெதுவாகக் கேட்டார்.

“டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு மைனி. பொறுப்பு நம்மளுதுல்லா?” என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

அதுவரை எனக்குப் பள்ளிக்கூடம் எது, வேலை எது, பெண் எது என்று முடிவு செய்தவர் அண்ணன். அன்றைக்கு நான் சொன்னதற்குத் தலையாட்டினார். நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய நாளில், டீக்கடையிலிருந்து மீட்டு வந்திருந்த சைக்கிள், என் காரின் பின்சீட்டை மடக்கியும் உள்ளே நுழையவில்லை. நான் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் மெதுவாக வந்து, முன்சக்கரத்தைத் தாமே கழற்றி, ஒரு பழைய சாக்கை மடித்து இடையில் வைத்தார்.

“இப்படி வச்சா கீறல் விழாது” என்றார்.

உடற்பயிற்சி வேண்டுமே என்று, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்றை அனுப்பி வைத்தேன். வீட்டு முன்னறையில் சன்னலோரம் போட்டிருந்தார்கள். போனில் கேட்டால், “மிதிக்கேன், மிதிக்கேன். எம்புட்டு மிதிச்சாலும் நம்ம வீட்டுலதான் நிக்கி” என்று சிரிப்பது போலச் சொல்லுவார். பெரும்பாலும் அதில் ஏறி உட்கார்ந்து, காலை அசைக்காமல் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மைனி பிறகு சொன்னார். ஒருநாள் அவரே போன் செய்து, “எட்டயபுரம் ரோட்டுல சூரியகாந்தி பூத்திருக்காம். பஸ்ஸுல வந்தவிய சொன்னாவ” என்றார். நான், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். போடுகிறேன் என்றார். எங்கள் பேச்சு பழையபடி சுருங்கிப் போயிருந்தது. அடுத்த விடுப்பில் காரில் வேம்பார் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, “வேண்டாம்ல, கடல டிவியிலயே காட்டுதான்” என்று சொல்லிவிட்டார்.

சர்க்கரை மறுபடி கூடியது. உடம்பு கனத்தது. போன தை மாதம், பொங்கல் கழிந்து, கடையில் மத்தியான வேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார். சைக்கிளை விட்டதால்தான் இப்படி ஆனது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஓட்டியிருந்தால் இருந்திருப்பார் என்று சொல்லவும் யாராலும் முடியாது. பலரும் இதைச் சொல்லி என்னைத் தேற்றினீர்கள். உங்கள் அன்புக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் அவர் எப்போது போனார் என்பதைவிட, போவதற்கு முந்தைய வருடத்தை எப்படிக் கழித்தார் என்பதுதான் என்னை அரிக்கிறது. அதற்கு மருத்துவரிடம் பதில் கேட்க வேண்டியதில்லை.

விளாத்திகுளம் சாலையில் பேர்கூடச் சொல்லாமல் எங்களை இறக்கிவிட்டுப் போன மிளகாய் வேன் ஓட்டுநருக்கும், அந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்திய டீக்கடைக்காரருக்கும், உயிரை ஒருமுறை மீட்டுக் கொடுத்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. கடையை இன்றுவரை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கடைப் பணியாளர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தங்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே சுடுகாடு வரை நடந்துவந்த நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களோடு தங்கிய தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் நன்றி.

மைனிக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது. இந்தக் கட்டுரையை நான் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். போன வாரம் வந்து மைனியிடம் வாசித்துக் காட்டினேன். ‘நோயுற்ற காலத்தில் அண்ணனைக் குடும்பத்தார் பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம்’ என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, அந்த வரிய மட்டும் எடுத்துருங்க.”

நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வருடமாகச் சொல்ல வராமல் இருந்தது அப்போது வந்தது. “எல்லாம் என்னாலதான் மைனி” என்றேன்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். மைனி, “ஆமா தம்பி” என்றார்.

பிறகு கோபம் இல்லாத குரலில் சொன்னார். “நீங்க சைக்கிளக் குடுத்ததுனாலதான் அவிய அப்படிச் சிரிச்சாவ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுவரைக்கும் நான் அந்தச் சிரிப்பப் பாத்ததில்ல. நீங்க எடுத்துட்டுப் போனதுனாலதான் கடைசி வருசம் பூரா சிரிக்காமயே இருந்தாவ. ஒண்ண மட்டும் எழுதுனா பொய்யாப் போயிரும். ரெண்டையும் எழுதுங்க. வாரவிய வாசிக்கட்டும்.”

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. மைனி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டையும் எழுதிவிட்டேன், மைனி.