மாமாவுக்கு நான் அரைத்துக் கொடுத்தது

நெய்மீன் தலையைத் தட்டிலேயே விட்டுவிட்டு மாமா எழுந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மாமா என் கணவரின் அப்பா. என்னை மலையாளத்தில் மோளே, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். மாநகராட்சியில் கால்வாய் தூர் வாரி ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிடிக்குமே என்று மட்டாஞ்சேரிச் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்தவள் நான். பல் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பல் டாக்டர் பார்த்துவிட்டுப் பெரியோடான்டைட்டிஸ் (பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துபோகும் ஈறு நோய்) என்றார். மிச்சமிருந்த ஒன்பது பல்லும் ஆடின. மூன்று தடவையாக எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஈறு ஆறிப் பல்செட் வைக்கச் சில மாதம் ஆகும், அதுவரை மிருதுவான சாப்பாடு கொடுங்கள் என்றார்.

மிருது என்றால் எனக்கு மிக்சிதான். சோறு, பருப்பு, மீன், கீரை எல்லாவற்றையும் ஒரே ஜாரில் அடித்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு முள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்ற பயம். மாமா இரண்டு வாய் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். ஒன்றரை மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனார். இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒரு மதியம் என் பொறுமை போய்விட்டது.

"காலையிலிருந்து நின்னு அரைக்கிறேன். என்னையும் ஒரு மனுஷியா நினைச்சா குடிங்க மாமா!" என்று கத்தினேன்.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "உங்க அத்தைக்கும் கடைசியில இதுதானே கொடுத்தோம்? எனக்கும் நேரமாயிடுச்சுன்னா நேரா சொல்லு மோளே. நான் பிணங்க மாட்டேன்."

அத்தை என் மாமியார், இறந்துவிட்டார். கடைசி இரண்டு மாதம் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) மூலம்தான் சாப்பிட்டார். இதே மிக்சி, இதே வடிகட்டி. அரைத்தவள் நான். குழாயில் ஊற்றியவர் மாமா. அது எனக்கு மறந்தே போயிருந்தது. தினம் மூன்று வேளை அவர் முன்னால் எதை நீட்டியிருக்கிறேன்! பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டருக்கு போன் செய்தேன். விழுங்கும்போது இருமல் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் மசித்தாலே போதும், அரைக்க வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கைக் குழைய வேகவைத்தேன். மத்தி மீன் குழம்பு வைத்து, முள்ளை அவர் கண்ணெதிரே எடுத்தேன். பிசையப் போனேன், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானே பிசைஞ்சுக்கிறேன். கொஞ்சம் சாறு ஊத்து."

ஈறால் நசுக்கி நசுக்கிச் சாப்பிட ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதிதான் உள்ளே போனது. ஆனால் போனது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள். பிறகு, தட்டைப் பார்த்ததும் இது மீன், இது கிழங்கு என்று அவருக்குத் தெரியும்படி வையுங்கள். வாயைத் திறக்கவில்லையென்றால் கத்தாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

இப்போது பல்செட் வந்துவிட்டது. ஏழில் மூன்று கிலோ திரும்பியிருக்கிறது. மிச்சம் திரும்பாமலும் போகலாம். பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுகிற நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மெல்லுகிறேன். என் கடைவாய்ப் பல்லிலும் லேசான கூச்சம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

நேற்று என் தட்டு காலியானதும் பழக்கதோஷத்தில் எழப்போனேன்.

"உக்காரு மோளே," என்றார், வாயில் சோற்றோடு. "நான் இன்னும் சாப்பிட்டுத் தீரலை."